பின்வரிசைக் கணக்கு – 14: வள்ளி சன்னதிக் குங்குமம்

போன வாரம் சாய்லக்ஷ்மியைக் கையில் போனோடு சமையலறை வாசலில் நிற்க வைத்துவிட்டு வந்தோம். அம்மையார்குப்பத்திலிருந்து அடுத்தடுத்து வந்த போன்கள். எல்லாவற்றிலும் ஒரே பாட்டு. "எங்க பொண்ணு உங்க ஆராய்ச்சியில வேணாம் டீச்சர். பேர எடுத்துடுங்க." ஏன் என்று கேட்டால் பட்டென்று லைனைத் துண்டித்துவிட்டார்கள். கடைசியாக வந்தது நாகேந்திரனின் போன். அவருடைய பெண் புவனாவும் வேண்டாமாம்.

இன்றுதான் கதைக்குள் நுழைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாய்லக்ஷ்மி அம்மையார்குப்பம் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். புகுந்த வீடோ திருத்தணி மலைக்கோயில் மடப்பள்ளியில் பரம்பரை பரம்பரையாகச் சமைக்கிற வீடு. கல்யாணம், பிள்ளை, பள்ளிக்கூடம் எல்லாம் பார்த்துக்கொண்டே, நாற்பதை நெருங்குகிற வயதில் பிஎச்.டி. படிக்கக் கிளம்பியவள். அதற்கு இந்த வீட்டில் அவள் வாங்காத பேச்சில்லை.

அவள் ஆராய்கிற விஷயம் எளிது. கணக்கு வகுப்பில் வாத்தியார் யாரைக் கரும்பலகைக்குக் கூப்பிடுகிறார்? யாரைக் கூப்பிடுவதே இல்லை? முன்வரிசைப் பையன் தப்பாகச் சொன்னால், "யோசிச்சுச் சொல்லுப்பா" என்கிறார். பின்வரிசையில் தறிக்காரர் வீட்டுப் பெண் தப்பாகச் சொன்னால், "சரி, உட்காரு" என்கிறார். அவ்வளவுதான். அந்த 'உட்காரு'வில்தான் அந்தப் பெண்ணுக்குக் கணக்கு நின்றுபோகிறது என்பது சாய்லக்ஷ்மியின் கட்சி. பெற்றவர்களிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு, அந்தப் பெண்கள் பக்கத்திலேயே போய் உட்கார்ந்து பார்க்கிறாள்.

இப்போது அந்தப் பெண்களே இல்லை என்றால்?

"திங்கக்கிழமை கமிட்டி உக்காரப் போறது. பின்வரிசையே இல்லாம பின்வரிசையைப் பத்தி என்னம்மா எழுதுவே?" என்று சென்னையிலிருந்து கைடு கோமளவல்லி மேடம் கேட்டுவிட்டார். கேட்டதில் தப்பே இல்லை. அந்தப் பெண்கள் திரும்பி வரவில்லையென்றால் ஆராய்ச்சிக்கு முழுக்குத்தான்.

யாரோ வீடு வீடாகப் போய்க் கலைத்திருக்கிறார்கள். யார்?

வெள்ளிக்கிழமை காலை. மாமியார் காமு துணிப்பையை நீட்டினாள்.

"இந்தா, பிரசாதம் வெச்சிருக்கேன். வெறுங்கையோட போய் நிக்காதே."

இந்த வீட்டில் அது எழுதாத சட்டம். மலைமேல் சாமிக்குச் சமைக்கிற குடும்பம், யார் வீட்டுப் படி ஏறினாலும் பிரசாதம் இல்லாமல் ஏறக் கூடாது. மடப்பள்ளியில் வேலை பார்க்கும் கொழுந்தன் சாய்கிருஷ்ணன் கீழே இறங்கும்போது கொண்டு வருவான். காமு உட்கார்ந்து பொட்டலம் கட்டுவாள். சாய்லக்ஷ்மி பெற்றோரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டு வருவாள்.

"இன்னிக்கும் மொதல்ல அந்த நாகேந்திரன் ஆத்துக்குத்தானே?" என்றாள் காமு.

"ஏம்மா, ஒவ்வொரு தடவையும் இதையே கேக்கறேள்?"

"கேக்கப்படாதோ? நீ போற எடம் தெரிஞ்சா ஒரு நிம்மதி."

நிம்மதியாம்! சாய்லக்ஷ்மிக்குச் சுருக்கென்றது. என்ன படிக்கிறாய், எதற்குப் படிக்கிறாய் என்று ஒரு நாள்கூடக் கேட்காத மாமியாருக்கு எந்த வீட்டுக்கு முதலில் போகிறாள் என்பதில் மட்டும் என்ன அக்கறை? இங்கே சொன்னது அங்கே மாமனார் சேஷகிரியின் காதுக்குப் போகிறதோ? அங்கிருந்து அம்மையார்குப்பத்துக்குப் போகிறதோ?

சேச்சே என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். காமு அப்படிப்பட்டவள் இல்லை. படிக்கிறேன் என்று சாய்லக்ஷ்மி வாயைத் திறந்த அன்று, வீடே குதித்தது. "டாக்டர் பட்டம் வாங்கி மடப்பள்ளி வாசல்ல மாட்டப் போறாளாமா?" என்று சேஷகிரி கத்தினார். புருஷன் கணேஷ்ராம் வழக்கம்போலப் பேப்பருக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டான். காமுதான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து, "படிக்கட்டும், விடுங்கோ" என்றாள். இரண்டே வார்த்தை. மாமனார் வாய் மூடியது. அந்த வார்த்தையைச் சாய்லக்ஷ்மி நகை மாதிரி பத்திரமாக வைத்திருந்தாள். இந்த வீட்டில் அவளுக்கென்று வேறு எதுவும் யாரும் சொன்னதில்லை.

ஆகவே சந்தேகத்தை மாமியார் மேலிருந்து இறக்கி, பஸ்ஸில் போகும்போதே வேறொருவர் தலையில் வைத்தாள். தேசப்பன் சார்!

தேசப்பன் அந்தப் பள்ளியின் மூத்த கணக்கு வாத்தியார். அவர் வகுப்பில்தான் இவள் பின்னால் உட்கார்ந்து பார்க்கிறாள். முதல் நாளிலிருந்தே அவருக்கு முகம் சுண்டிப்போயிருந்தது. அவரும் அந்த ஊர்க்காரர். அங்கே அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஒன்பதாம் வகுப்பில் நுழைந்து வழக்கம்போலக் கடைசி பெஞ்சுக்குப் போனாள். புவனா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"என்ன புவனா?"

"எங்கம்மா உங்க பக்கத்துல உக்கார வேணாம்னு சொன்னாங்க டீச்சர்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். சுவர் ஓரமாக, யாரும் உட்காராத உடைந்த பெஞ்சில் போய் ஒண்டிக்கொண்டாள். போன மாதம் இதே பெண்தான் முதல் தடவையாகக் கரும்பலகைக்குப் போனது. தப்பாகப் போட்டது. அழித்தது. மறுபடி போட்டது. வகுப்பே பார்த்துக்கொண்டிருக்க, "சார், இப்ப சரியா?" என்று தேசப்பனையே திருப்பிக் கேட்டது. அன்று சாய்லக்ஷ்மிக்குக் கண் கலங்கிவிட்டது. இன்று தேசப்பன் கேள்வி கேட்கக் கேட்க, புவனா டெஸ்கில் இருந்த ஒரு கீறலை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். அவரும் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

பொறுத்தது போதும் என்று மத்தியான இடைவேளையில் ஆசிரியர் அறைக்கே போய் அவர் எதிரில் நின்றாள்.

"சார், நேராவே கேக்கறேன். என் ஆராய்ச்சியப் பத்தி ஊர்ல வீடு வீடா யார் பேசறது?"

தேசப்பன் டிபன் பாக்ஸை நிதானமாக மூடினார். "என்னைச் சந்தேகப்படறீங்களா?"

"நான் உங்க கிளாஸ்ல உக்கார்றது உங்களுக்குப் புடிக்கல. எனக்குத் தெரியும்."

"ஆங், புடிக்கலதான். நான் யார எழுப்பறேன், யார எழுப்பலன்னு ஒருத்தர் பின்னாடி ஒக்காந்து பாத்துகினே இருந்தா யாருக்கும்மா புடிக்கும்? அதுக்குன்னு ஊட்டு ஊட்டா போய்க் கோள் மூட்டற ஆளு நான் இல்ல. எனக்கு எதுனா சொல்லணும்னா உங்க மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவேன்."

"அப்போ யாரு?"

தேசப்பன் அவளை மேலும் கீழும் பார்த்தார். "நெஜமாவே தெரியாதா? இல்ல, நடிக்கறீங்களா?"

"என்ன தெரியாதா?"

"உங்க கொழுந்தனுக்குப் பொண்ணு கெடைக்கல. அதனால எங்க ஊர்ல வந்து வீடு வீடா பொண்ணு பாத்துகினு இருக்கீங்க. ஆராய்ச்சி, கணக்குன்னு சொல்றதெல்லாம் சும்மா. இதாம்மா ஊர்ப் பேச்சு. டீக்கடையில சொல்லிச் சொல்லி சிரிக்கறாங்க."

சாய்லக்ஷ்மி சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

கொழுந்தனுக்குப் பெண் கிடைக்கவில்லை என்பது பொய்யில்லை. அதுதான் கஷ்டம். சாய்கிருஷ்ணன் தங்கமான பையன். ஆனால் விடியுமுன் மலையேறி, அடுப்புப் புகையில் நிற்கிற பிள்ளைக்கு இந்தக் காலத்தில் யார் பெண் கொடுக்கிறார்கள்? பார்த்த இடமெல்லாம் கையை விரித்துவிட்டார்கள். திருத்தணி முழுக்கத் தெரிந்த கதை அது. அதைக் கொண்டுபோய் அவள் படிப்போடு முடிச்சுப் போட்டது யார்?

"யார் சார் சொன்னது இதை?"

"அத நாகேந்திரன் ஊட்டுல போய்க் கேளுங்க. அங்கதான் ஆரம்பம்."

தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நேரே நடந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. தெருவில் இரண்டு பக்கமும் விசைத்தறிகள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. வாசலில் உட்கார்ந்து தறிக்கு நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் அவளைக் கண்டதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போன மாதம்வரை "டீச்சர், மோர் சாப்டுட்டுப் போங்க" என்று கையைப் பிடித்து இழுத்தவர்கள்.

நாகேந்திரன் வீட்டில் அவள் நுழைந்தால் தறி நிற்கும். அவர் மனைவி ஞானம்மாள் சொம்பில் தண்ணீரோடு வருவாள். இன்று தறி நிற்கவில்லை. தண்ணீரும் வரவில்லை. ஞானம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து, "ஒக்காருங்க" என்று மட்டும் சொன்னாள். சாய்லக்ஷ்மி பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

ஞானம்மாள் கையை நீட்டவில்லை.

"மொதல்ல குடுத்ததுக்கே இன்னும் பதில் இல்ல. மறுபடியும் இன்னாத்துக்கு டீச்சர்?"

"புரியலம்மா. இது பிரசாதம்."

"இது பிரசாதம். அது?"

ஞானம்மாள் விரலை நீட்டினாள். உள்ளே சாமி படத்துக்கு முன்னால், விளக்குக்குப் பக்கத்தில், ஒரு வாழையிலைப் பொட்டலம். இலை காய்ந்து பழுப்பாகிவிட்டது. சுற்றிக் கட்டியிருந்த மஞ்சள் நூல் மட்டும் அப்படியே இருந்தது. வாய் பிரிந்து, உள்ளே சிவப்பாகக் குங்குமம் தெரிந்தது.

அந்தப் பொட்டலம் சாய்லக்ஷ்மிக்கு ஞாபகம் இருந்தது. போன மாதக் கிருத்திகை. அவள் அவசரத்தில் பிரசாதப் பையை மறந்துவிட்டுக் கிளம்பிவிட, சாய்கிருஷ்ணன் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி வந்து கொடுத்தான். "மன்னி, மேலே இருக்கற இலைப் பொட்டலம் மொதல் வீட்டுக்கு" என்றான். முதல் வீடு இதுதான். கொடுத்தாள். உள்ளே என்ன என்று அவள் பார்க்கவே இல்லை.

"மத்த ஊட்டுக்கெல்லாம் நீங்க குடுத்தது விபூதி. விசாரிச்சிட்டேன்" என்றாள் ஞானம்மாள். "எங்க ஊட்டுக்கு மட்டும் வள்ளியம்மா சன்னதிக் குங்குமம். இலையில வெச்சி, மஞ்ச நூல் கட்டி. அதுக்கு இன்னா அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாதா?"

"சத்தியமா தெரியாதும்மா."

"நாங்க பொண்ணு கேக்கறப்ப மொதல்ல வாயத் தொறந்து கேக்க மாட்டோம். முருகரு வள்ளியம்மாவக் கட்டின மலையில்ல இது? அந்தச் சன்னதிக் குங்குமத்த மாப்ள ஊட்டு சுமங்கலி ஒருத்தி கொண்டாந்து குடுப்பா. புடிக்கலன்னா மறுநாளே திருப்பி அனுப்பிடுவோம். புடிச்சிருந்தா சாமி கிட்ட வெச்சிடுவோம். அப்பறம் பெரியவங்க வருவாங்க. அதான் வழக்கம்."

சாய்லக்ஷ்மியின் கண் மறுபடி சாமி படத்துக்குப் போனது. குங்குமம் சாமி கிட்டேதான் இருந்தது. ஞானம்மாள் அதைத் திருப்பி அனுப்பவில்லை!

"நீங்க கொண்டாந்து குடுத்தீங்க. நானும் வெச்சிட்டேன்" என்றாள் ஞானம்மாள். "பெரிய பொண்ணு கவிதாவுக்குத்தான்னு எனக்குத் தோணிச்சி. அப்பறம் பாத்தா யாரும் வரல. நீங்க மட்டும் வந்து புவனா கணக்கு எப்டி போடறா, இன்னா பண்றான்னு கேட்டுகினே இருக்கீங்க. தெருவுல பாத்துட்டு சும்மா இருப்பாங்களா? 'பொண்ணு கெடைக்காத ஊடு, வரிசையா எல்லா ஊட்டையும் பாத்துகினு போவுது'ன்னு பேச ஆரம்பிச்சிட்டாங்க. அவங்கவங்க பொண்ண அவங்கவங்க இழுத்துகினாங்க."

தறி சட்டென்று நின்றது. நாகேந்திரன் வந்து நின்றார். மனுஷன் கோபத்தில்கூடக் குரலை உயர்த்தவில்லை.

"டீச்சரம்மா, எனக்கு இதெல்லாம் நேத்துதான் தெரியும். இவ என்னாண்ட மறச்சிட்டா. அத நாங்க பேசிக்கறோம். எனக்கு ஒரே பதில்தான் வேணும். கேட்டது நெஜமா, தப்பா? தப்புன்னா தப்புன்னு நீங்களே இந்தத் தெருவுல நின்னு சொல்லிடுங்க. ஊர் வாய் அடங்கும். புவனா உங்க கிட்ட வருவா. மத்தவங்ககிட்டயும் நானே பேசி அனுப்பறேன்."

"நெஜம்னா?"

"நெஜம்னா, படிப்பச் சாக்கு வெச்சி எங்க ஊட்டுக்குள்ள வந்தீங்கன்னு அர்த்தம். அப்பறம் உங்க ஆராய்ச்சிய யாரு நம்புவா? சாயந்தரம் வெளக்கு வெக்கறப்ப நான் போன் பண்றேன். பதிலோட இருங்க."

எவ்வளவு சுலபம்! ஒரே ஒரு வார்த்தை. தப்பு. தெரியாமல் நடந்துவிட்டது. அதுதானே உண்மையும்? சாய்லக்ஷ்மிக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது. இத்தனை தடவை வந்து போன வீட்டில், குழந்தை எந்த பெஞ்சில் உட்காருகிறாள் என்று கேட்டேனே தவிர, உங்கள் வழக்கம் என்ன என்று ஒரு தடவை கேட்டேனா என்று உள்ளே ஒரு முள் குத்தத்தான் செய்தது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினாள்.

செருப்பை மாட்டும்போது பக்கத்தில் நிழல் தட்டியது. கவிதா. மூத்தவள். திருத்தணியில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. அன்று லீவு போட்டிருந்தாள். அப்பா காதில் விழாதபடி குரலை இறக்கினாள்.

"டீச்சர், வீட்டுக்குப் போய் அவர ஒண்ணும் திட்டாதீங்க."

"எவர?"

பதிலைக் கவிதாவின் முகம்தான் சொன்னது.

அட ராமா! திரும்புகிற பஸ்ஸில் சாய்லக்ஷ்மிக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கியது. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி வந்தவன் யார்? மலையிலிருந்து பிரசாதம் கொண்டு வருகிறவன் யார்? மேலே இருக்கிற இலைப் பொட்டலம் மொதல் வீட்டுக்கு என்று சொன்னது யார்? மன்னி மன்னி என்று காலைச் சுற்றி வந்துவிட்டு, மன்னியையே தூதாக அனுப்பியிருக்கிறான். அதுவும் அவளுக்கே தெரியாமல்! காதலிக்கிறவன் தைரியமாக வந்து சொல்ல வேண்டியதுதானே? அவள் வருஷக்கணக்காகப் பாடுபட்டுச் சேர்த்த நம்பிக்கையா கிடைத்தது இவனுக்கு?

வீட்டுக்குள் நுழைந்தபோது சாய்கிருஷ்ணன் தட்டின் முன் உட்கார்ந்திருந்தான். காமு பரிமாறிக்கொண்டிருந்தாள். சேஷகிரி மலைக்குப் போயிருந்தார்.

"கிருஷ்ணா, கவிதா யாரு?"

பையன் பிசைந்த கையோடு அப்படியே உறைந்துவிட்டான்.

"சொல்லு. யாரு?"

"மன்னி… அப்பாவை ஸ்கேன் எடுக்கக் கூட்டிண்டு போனப்போ பழக்கம். நான் சொல்லணும்னுதான் இருந்தேன்."

"சொல்லணும்னு இருந்தவன், என் கையில குங்குமத்தக் குடுத்து அனுப்புவியா? என் படிப்பு என்ன ஆச்சு தெரியுமா? ஒரு பொண்ணு இன்னிக்கு என் பக்கத்துல உக்கார மாட்டேன்னு எழுந்து போறது! உனக்கு வெக்கமா இல்லே?"

"குங்குமமா?" சாய்கிருஷ்ணன் திருதிருவென்று விழித்தான். "நான் ஒண்ணும் குடுக்கலையே மன்னி. பைய எடுத்துண்டு ஓடுடான்னா, ஓடி வந்தேன். இலைப் பொட்டலம் மொதல் வீட்டுக்குன்னு சொல்லச் சொன்னா, சொன்னேன். உள்ள என்ன இருக்குன்னு நான் பாக்கவே இல்லை."

"யார் சொல்லச் சொன்னா?"

அவன் கண் காமுவின் பக்கம் போனது. சாய்லக்ஷ்மி மெல்லத் திரும்பினாள்.

காமு ரசச் செம்பைக் கீழே வைத்தாள்.

"நான்தான் வெச்சேன்."



"தெரிஞ்சேவா?"

"தெரியாம என்ன? மலைமேல வள்ளி சன்னதிக் குங்குமம் கேட்டுண்டு வர பொம்மனாட்டிகள நான் கல்யாணம் ஆகி வந்ததுலேர்ந்து பாக்கறேன். எதுக்குக் கேக்கறான்னு எனக்குத் தெரியாதா?" காமு பிள்ளையைப் பார்க்காமல், மருமகளையும் பார்க்காமல், அடுப்பைப் பார்த்துப் பேசினாள். "இவன் ஒரு நாள் போனை ஆத்துல வெச்சுட்டுப் போயிட்டான். அந்தப் பொண்ணு கூப்பிட்டா. நான் எடுத்தேன். 'சாப்ட்டீங்களா'ன்னு கேட்டா. இவன்னு நெனச்சுண்டு. மெதுவா விசாரிச்சா, நாகேந்திரன் பொண்ணு. என் பிள்ளை ஊருக்கெல்லாம் சமைக்கறான். அவன் சாப்ட்டானான்னு இதுவரைக்கும் யாருடி கேட்டிருக்கா?"

"அப்போ நேரா போய்க் கேக்கறதுதானே?"

"எப்படிப் போவேன்? உன் மாமனார் இருக்கறவரைக்கும் நான் அந்தத் தெருவுல கால் வெக்க முடியுமா? நம்மவா வாயை மூட முடியுமா? நீதான் போயிண்டு இருந்தே. உன்னை யாரும் ஏன்னு கேக்கல. போற கையோட போகட்டுமேன்னு வெச்சேன். பதில் என்னன்னு தெரிஞ்சுண்டு அப்பறம் உன்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

மொதல்ல எந்த வீடு, மொதல்ல எந்த வீடு என்று கேட்டுக்கொண்டே இருந்தாளே! சாய்லக்ஷ்மி தேசப்பனைச் சந்தேகப்பட்டாள், கொழுந்தனைச் சந்தேகப்பட்டாள். காலையில் மனசு முதலில் சொன்னதை மட்டும் சேச்சே என்று ஒதுக்கினாள். ஒதுக்கியதற்குக் காரணம் ஒரே ஒரு வார்த்தை.

அந்த வார்த்தையையே இப்போது கையில் எடுத்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லணும். அன்னிக்கு அப்பா கத்தினப்போ, 'படிக்கட்டும், விடுங்கோ'ன்னு சொன்னேளே. அது எனக்காகவா? இல்லே, இதுக்காகவா?"

காமுவின் முகம் வெளுத்தது.

"மொதல்ல உனக்காகத்தான்."

மொதல்ல. சாய்லக்ஷ்மிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். சாய்கிருஷ்ணன் கையைக் கழுவிவிட்டு வந்து சுவர் ஓரமாக நின்றான். யாரும் விளக்குப் போடவில்லை. பொழுது இறங்க இறங்க அவளுக்குள் ஒரே சிந்தனைதான் ஓடியது. தப்பு என்று சொன்னால் புவனா கடைசி பெஞ்சுக்குத் திரும்பி வருவாள். திங்கட்கிழமை கமிட்டி முன்னால் தலை நிமிர்ந்து நிற்கலாம். அந்தக் குங்குமம் இன்று ராத்திரியே சாமி படத்தடியிலிருந்து எடுக்கப்படும். கவிதாவின் முகம் என்னவாகும்? இந்த மாமியாரின் முகம்?

என்ன ஆனால் என்ன, அவர்கள் யாராவது என் முகத்தைப் பார்த்தார்களா என்று கோபம் வந்தது. நியாயமான கோபம்தான். அது போகட்டும். தெருவில் நின்று தப்பு என்று சொன்னால், அது உண்மையா? தனக்குத் தெரியாமல் நடந்தது என்பது உண்மை. தப்பாக நடந்தது என்பது பொய். ஒரு பொய்யைச் சொல்லிப் பிள்ளைகளைத் திரும்பக் கூட்டி வந்து, அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, வாத்தியார்கள் நியாயமாக நடக்கிறார்களா என்று அவள் எந்த முகத்தோடு பார்ப்பது?

காமு எழுந்து வந்து விளக்கை ஏற்றினாள். சொல்லி வைத்தாற்போல் போன் அடித்தது.

"டீச்சரம்மா, நாகேந்திரன் பேசறேன். வெளக்கு வெச்சாச்சி. நெஜமா, தப்பா?"

சாய்லக்ஷ்மி எழுந்து நின்றாள். எதிரே விளக்கு வெளிச்சத்தில் காமு. மருமகள் என்ன சொல்லப் போகிறாள் என்று தெரியாமல் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். இதுவரை சாய்லக்ஷ்மி அவளை அப்படிப் பார்த்ததில்லை.

"தப்பில்லண்ணா. நெஜம்தான்" என்றாள். "எங்க மாமியார் தெரிஞ்சேதான் அனுப்பியிருக்காங்க. எனக்குத்தான் தெரியாது. என் ஆராய்ச்சியும் நெஜம்தான். புவனாவுக்காகத்தான் உங்க வீட்டுக்கு வந்தேன், இதுக்காக வரல. நாளைக்குக் காலையில வந்து உங்க தெருவுல நின்னு ரெண்டையும் சொல்றேன். நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம்."

அந்தப் பக்கம் தூரத்தில் யார் வீட்டுத் தறியோ ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்க மட்டும் வந்து சொன்னா ஆவாது டீச்சரம்மா" என்றார் நாகேந்திரன் கடைசியில். "கூட யாரு வருவாங்க?"

சாய்லக்ஷ்மி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். காமு இரண்டடி முன்னால் வந்தாள்.

"நான் வரேன்னு சொல்லு."

"எங்கே போறே?"

வாசலில் சேஷகிரி. மலையிலிருந்து இறங்கி, நெற்றி நிறைய விபூதியோடு, கழற்றிய செருப்பு பக்கத்தில் கிடக்க நின்றுகொண்டிருந்தார். எத்தனை நேரமாக நிற்கிறார், எது எது காதில் விழுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. சாய்கிருஷ்ணன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். போனில் நாகேந்திரன், "ஹலோ… ஹலோ…" என்றார்.

"உன்னைத்தான் கேக்கறேன் காமு. எங்கே போறே?"

கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அவர் எங்கே என்று கேட்டால், எங்கேயும் இல்லை என்றுதான் காமு பதில் சொல்லியிருக்கிறாள். இன்று தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பொண்ணு கேக்க" என்றாள்.